நாலு மணிக்குள் ஒரு பதில்

"லிஸ்ட்ல என் பேர் இருக்கா, இல்லையா? நாலு மணிக்குள்ள எனக்குத் தெரியணும் சார். வாயால வேண்டாம். எழுத்துல வேணும்."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வசந்தகுமார் சார் உட்காரச் சொல்லவில்லை. குன்னூரில் இருக்கிற எங்கள் சாஃப்ட்வேர் சென்டருக்கு அவர்தான் தலைவர். அவரும் குன்னூர்க்காரர்தான். யாரையும் 'ங்க' போடாமல் பேச மாட்டார், வேலையை விட்டு அனுப்பும்போதும்கூட. கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"என்ன லிஸ்ட்டுங்க ஜீவிதா?"

"சார், அறுபத்திரண்டு பேர் இருந்த எடத்துல இப்ப நாப்பத்தி மூணு பேர் இருக்கோம். என்ன லிஸ்ட்டுன்னு என்கிட்ட கேக்குறீங்களா?"

இந்தக் கேள்வியை மட்டும் வாயைத் திறந்து கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொன்னவள் ஜெஸிந்தா, பக்கத்து நாற்காலிக்காரி. "செத்தாலும் கேட்டுராத ஜீவி. கேக்குறவன் பேருதான் மொதல்ல ஏறும். வாயப் பொத்திக்கிட்டு ஸ்க்ரீனப் பாரு." அவள் சும்மா சொல்லவில்லை. ஆகஸ்டு மாதம் எல்லாரையும் கூட்டி வைத்து, நாமெல்லாம் ஒரு குடும்பம் என்று பெங்களூரிலிருந்து திரையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது, சில்வஸ்டர் எழுந்து, "குடும்பத்துல அடுத்து யாரை வெளிய அனுப்பப் போறீங்க?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தோம். திரையில் இருந்தவரும் சிரித்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவனுடைய கார்டுக்குக் கதவு திறக்கவில்லை. பிறகு டீக்கடையில் அவனே சொன்னான்: "திங்கக்கிழமை ஹெச்.ஆர். கூப்புட்டு என் சொந்த மெயில் ஐ.டி. கேட்டாங்கடி. என்னடா திடீர்னு நம்ம மேல பாசம்னு நெனச்சேன். கம்பெனி மெயிலை மூடிட்டா லெட்டரை எங்க அனுப்புறது, அதுக்குத்தான்."

அதிலிருந்து யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன். இன்றைக்கு எனக்கு வேறு வழியில்லை. காரணம் என் அம்மா.

அம்மா பெயர் அங்கம்மா. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்து மூன்று வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். பர்மனண்ட் ஆள். எங்கள் லயத்தில், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், மனிதர்கள் இரண்டு வகை: பர்மனண்ட், டெம்பரவரி. சாமி, சாதி எல்லாம் அதற்கப்புறம்தான். டெம்பரவரி ஆளை மேஸ்திரி "நாளைக்கு வராத" என்றால் அதோடு முடிந்தது. பர்மனண்ட் ஆளை அப்படி அசைக்க முடியாது. சார்ஜ் ஷீட் கொடுக்க வேண்டும், விசாரணை வைக்க வேண்டும், யூனியன்காரர்கள் வந்து உட்கார்வார்கள், ஒரு வருடம் இழுக்கும். லயத்து வீடு, எஸ்டேட் ஆஸ்பத்திரி, மழைக்குக் கம்பளி எல்லாம் பர்மனண்ட் பேருக்குத்தான். அப்பா நான் ஒன்பதாவது படிக்கும்போது போய்விட்டார். அப்புறமும் நாங்கள் தெருவுக்கு வராமல் இருந்ததற்கு ஒரே காரணம், செக்ரோலில், எஸ்டேட்டின் ஆள் கணக்குப் புத்தகத்தில், அம்மா பேர் இருந்ததுதான்.

ஜனவரியில் என் கம்பெனி எனக்கு கன்ஃபர்மேஷன் லெட்டர் கொடுத்தது. அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். இங்கிலீஷ் காகிதத்தைத் தலைகீழாகப் பிடிக்கிற ஆள் இல்லை அவள். கம்பெனி முத்திரை எங்கே இருக்கிறது என்று பார்த்து நேராகப் பிடிப்பாள்.

"பர்மனண்ட் ஆக்கிட்டாங்களா?"

"ஆமாம்மா."

அந்த லெட்டரின் கீழே, ஒரு மாத நோட்டீஸில் காரணம் சொல்லாமல் வேலையை விட்டு எடுக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. படித்தேன். எல்லாருக்கும் இருக்கிற வரிதானே என்று மடித்து வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் லயம் முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அக்டோபர் கடைசியில் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கொழுந்து வெட்டும் மெஷின் வந்த பிறகு ஆள் அதிகமாம். விருப்பப்பட்டு ஓய்வு பெறுகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம், மொத்தமாக ஒரு தொகை உண்டு. அம்மாவுக்கு ஐம்பத்து நாலு வயது. ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. ஆனால் வலது முட்டி போய்விட்டது. சரிவில் இறங்கும்போது பக்கவாட்டில், நண்டு மாதிரி இறங்குவாள். எஸ்டேட் டாக்டர் மலை ஏறக்கூடாது என்று சொல்லி இரண்டு வருடமாகிறது. மலை ஏறாமல் கொழுந்து எங்கே பறிப்பது என்று அவர் சொல்லவில்லை.

"நீதான் பர்மனண்ட் ஆயிட்டியே புள்ள. நான் எறங்கிக்கிறேன்" என்றாள்.

நான்தான் ஃபார்மை நிரப்பினேன். முத்து முத்தான கையெழுத்து எனக்கு. ரைட்டர் பரமசிவன் எஸ்டேட் ஆபீஸில் முப்பது வருடமாக இருக்கிறவர். காகிதத்தை வாங்கிவிட்டு உடனே வைக்கவில்லை.

"அங்கம்மா, யோசிச்சுக்க. ஆறு மாசத்துல வீட்டக் காலி பண்ணணும். இதுல எழுதிக் குடுத்துட்டா ஒன் எடத்துக்கு வாரிசு வேலையும் கெடையாது. ஒன் பேரோட அந்த எடமே போயிரும்."

"என் வாரிசுக்கு எதுக்குங்க இந்த வேல? கம்ப்யூட்டர் கம்பெனியில பர்மனண்ட் ஆயிட்டா."

அவர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"ஆமா சார்."

அன்றைக்கு எங்கள் ஆபீஸில் ஏற்கெனவே பதினொரு பேர் போயிருந்தார்கள். அதை நான் அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம். எங்கள் லயத்தில் முதல் பட்டதாரி நான். எனக்கு வேலை கிடைத்தபோது மாரியம்மன் கோயில் மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். அந்த ஆபீஸ் வாசலில், அந்த ரைட்டர் முன்னால் நின்று, என் வேலையும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா கையெழுத்துப் போட்டாள். போட்டதும் பேனாவை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேர்வு எழுதி முடித்தவள் மாதிரி சிரித்தாள்.

புதன்கிழமைதான் எங்களிடம் இருந்த அந்த ஃபார்மின் நகலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தேன். எழுதிக் கொடுத்தவர் பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். அதற்குப் பிறகு முடியாது. பதினைந்தாவது நாள் இன்றைக்கு, வெள்ளிக்கிழமை. எஸ்டேட் ஆபீஸை நாலு மணிக்குச் சாத்துவார்கள்.

காலையில் ஃபேக்டரிச் சங்கு ஊதியதும் அம்மா திடுக்கிட்டு எழுந்தாள். எழுந்த பிறகுதான் லீவில் இருக்கிறோம் என்று ஞாபகம் வந்து, "பாரேன் இந்தக் கழுதைய" என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இருந்த லீவையெல்லாம் கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நாளாக முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற தார்ப்பாய்ப் படங்கை இரண்டாக வெட்டி, ஒன்றைக் கோழிக் கூட்டின் மேலும் இன்னொன்றை விறகின் மேலும் போட்டுவிட்டாள். கூடையைப் பக்கத்து வீட்டுத் தபித்தாளுக்குக் கொடுத்துவிட்டாள். தபித்தாளும் எழுதிக் கொடுக்க நினைத்து, கடைசியில் வேண்டாம் என்று நின்றுகொண்டவள். "என் மவன் வண்டி ஓட்டுறான். நாளைக்கு வண்டி இருக்குமோ என்னமோ. ஒனக்கென்ன அங்கம்மா, கம்ப்யூட்டரு" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி அம்மா பூரித்துப் போகிறாள்.

"வாடகைக்குப் பாத்திருக்கிற குன்னூர் வீட்டுல நின்னுக்கிட்டே சமைக்கிற மேடை இருக்குன்னியே, மெய்தானா?"

"இருக்கும்மா."

"அப்ப முட்டிய மடக்கவே வேண்டாம்." கொஞ்ச நேரம் அதைப் பற்றி யோசித்தாள். "ரெண்டு மணிக்குத் தண்ணித் தொட்டிகிட்ட வந்து நிக்கிறேன். வீட்டுக்காரர் என்ன சொன்னாருன்னு போன் பண்ணு." லயத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும்.

நான் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "டிவியில சொன்னான், கம்ப்யூட்டர் கம்பெனியிலயெல்லாம் ஆள நிப்பாட்டுறாங்களாமே?"

"அது அமெரிக்காவுல."

"அங்க நிப்பாட்டுனா இங்க ஒண்ணுமில்லயே?"

"நமக்கென்ன அதுல?"

"சரி சரி, ஓடு. லேட்டாப் போனா ஒங்க ஆபீஸ்லயும் அரைப் பேர்தான் போடுவாங்களா?" எஸ்டேட்டில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர், அரைக் கூலி. தினமும் இதைக் கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னலில் மழை. குன்னூர் தெரிகிற வளைவு வந்தபோது, ஜெஸிந்தா என்ன சொன்னாலும் சரி, கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"ஜீவிதா, இங்க பாருங்க" என்றார் வசந்தகுமார் சார். மேஜை மேல் கையைக் கோத்துக்கொண்டார். "நம்ம ஊருப் புள்ளைங்க வெளிய போயிக் கஷ்டப்படக் கூடாதுன்னுதான் இந்த சென்டரையே இங்க கொண்டாந்தேன். உங்களையெல்லாம் எம் பொண்ணு மாதிரி நெனக்கிறேனுங்க."

"உங்க பொண்ணு பெங்களூர்ல டாக்டருக்குப் படிக்குறா சார். அவ பேரு எந்த லிஸ்ட்லயும் வராது."

அவர் முகம் சுருங்கியது. ஒரு நிமிஷம் எனக்கே பாவமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

"எதுக்குங்க திடீர்னு நாலு மணின்னு?"

சொன்னேன். அம்மாவின் காகிதம், பதினைந்து நாள், வீடு. கேட்டுக்கொண்டிருந்தவர், "இது என் லெவல்ல இல்லீங்க. மாலதி மேடம் இங்கதான் இருக்காங்க, கூப்புடறேன்" என்று போனை எடுத்தார். ஹெச்.ஆர். மாலதி மேடம் பெங்களூரில் இருக்கிறவர். அவர் மலை ஏறி வந்தால் நாலு பேராவது மலை இறங்குவார்கள் என்று எங்கள் ஆபீஸில் ஒரு கணக்கு. புதன்கிழமையே வந்துவிட்டார்.

காத்திருந்த நேரத்தில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஜெஸிந்தா ஸ்க்ரீனுக்கு மேலே தலையைத் தூக்கி, உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

என் வேலை டெஸ்டிங். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குச் செய்துதரும் சாஃப்ட்வேரில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவது. நன்றாகச் செய்வேன்; குறை கண்டுபிடிக்கிறது எனக்குச் சின்ன வயதிலிருந்து வரும். ஜூலையிலிருந்து ஒரு புது வேலை கொடுத்தார்கள். நான் எதை எப்படிச் சோதிக்கிறேன், எங்கே சந்தேகப்படுகிறேன், ஏன் அங்கே சந்தேகப்படுகிறேன் என்று ஒவ்வொன்றாக எழுதித் தர வேண்டும். நாலு மாதம் எழுதினேன். போன வாரம் ஒரு புது டூலைக் காட்டினார்கள். நான் எழுதியதையெல்லாம் அது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் செய்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

வேறு வேலை தேடவில்லையா என்றால், தேடினேன். மூன்று மாதத்தில் எழுபது இடத்துக்கு மேல் அனுப்பினேன். மூன்று இடத்திலிருந்து பதில். கோயம்புத்தூரில் ஒரு இண்டர்வியூவில், இந்த அனுபவம் இப்போது தேவைப்படுவதில்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். அந்தப் பையன் என்னைவிட இளையவன். ஜெஸிந்தா ராத்திரி ஷிஃப்ட்டில் போன் எடுக்கிற வேலைக்குப் போகப் போகிறாள். நீயும் வா என்கிறாள். ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போனால் அதில் மிஞ்சுவது ஒன்றும் இல்லை. பாங்க் பரீட்சை எழுதலாம். எழுதத்தான் போகிறேன். ஒரு வருடமோ இரண்டோ ஆகும். எந்தப் பக்கம் போனாலும் நடுவில் ஒரு இடைவெளி வருகிறது. அந்த இடைவெளியில் அம்மாவும் நானும் எந்தக் கூரைக்குக் கீழே படுப்போம் என்பதுதான் என் கேள்வி. லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது. குன்னூரில் அந்த நின்றுகொண்டே சமைக்கிற வீட்டுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும்.

மாலதி மேடம் சிரித்துக்கொண்டே வந்தார். தோளில் கை வைத்தார். வசந்தகுமார் சார் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, கண்ணை அகல வைத்துக் கேட்டார்.

"முப்பத்து மூணு வருஷமா? ஐயோ, பாவம்மா. அவங்க ரெஸ்ட் எடுக்கட்டும். இவ்வளவு ஒழைச்சவங்க ரெஸ்ட் எடுக்கட்டும்."

"எடுக்கலாமான்னுதான் கேக்குறேன் மேடம்."

"நீங்க ஸ்ட்ராங் பெர்ஃபார்மர் ஜீவிதா. உங்க ரேட்டிங்லாம் பார்த்துட்டுத்தான் வந்தேன். தேவையில்லாம மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"அப்ப அதை ஒரு மெயில்ல போட்டுருங்க. அடுத்த மார்ச் வரைக்கும் இவளை வேலையை விட்டு எடுக்க மாட்டோம்னு ஒரு வரி. போதும்."

"அந்த மாதிரி யாருக்கும் குடுக்கறதில்லம்மா. நான் சொல்றேன்ல?"

எஸ்டேட்டில் எல்லாவற்றுக்கும் துண்டு உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு துண்டுச் சீட்டு, லீவுக்கு ஒன்று, கம்பளி வாங்க ஒன்று. மேஸ்திரி வாயால் ஆயிரம் சொல்வான். துண்டு இல்லையென்றால் அவன் ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். படிக்காதவர்கள் வைத்திருக்கிற ஒழுங்கு அது. படித்த பிறகு நான்தான் அதை மறந்திருந்தேன்.

"நீங்க சொல்றது எங்க லயத்துல செல்லாது மேடம்."

அவர் சிரிப்பை மாற்றவில்லை. லேப்டாப்பைத் திறந்தார். "உங்க கவலை எனக்குப் புரியுது. நிம்மதியாப் போயி வேலையப் பாருங்க. அப்புறம் ஒரு சின்ன விஷயம், ரெக்கார்டு அப்டேட் பண்றோம். உங்க பெர்சனல் மெயில் ஐ.டி. மட்டும் ஒருதடவை சொல்லிருங்க."

சில்வஸ்டரிடம் கேட்டதும் இதையேதான். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பதில் வந்துவிட்டது, அவ்வளவுதான். மணி ஒன்று ஐம்பது.

"மேடம்" என்றேன். "வசந்தகுமார் சார்கிட்ட மெயில் ஐ.டி. வாங்கிட்டீங்களா?"

மாலதி மேடம் தலையைத் தூக்கவில்லை. ஆனால் வசந்தகுமார் சார் என்னைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். முகத்தில் இருந்த ரத்தம் அப்படியே இறங்கிப்போனது. அவரிடமும் ஏற்கெனவே வாங்கியிருக்கிறார்கள்; அது எதற்கு என்று என் கேள்வியில்தான் அவருக்குப் புரிந்திருக்கிறது. சில்வஸ்டர் கதை அவருக்குத் தெரியாது. டீக்கடைக்கு அவர் வருவதில்லை.

"மேடம், அது... எனக்கும் அதே அப்டேட்தானுங்களே?" என்றார்.

"அது தனியாப் பேசுவோம் வசந்த்."

பிறகு மாலதி மேடம் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டார். அது எனக்கு எவ்வளவோ நிம்மதி. ஃபைலில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். என் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

"ஓப்பனாவே பேசலாம். உங்களுக்குத்தான் அவசரம். இன்னைக்கே சைன் பண்ணீங்கன்னா மூணு மாச சம்பளம், நல்ல ரிலீவிங் லெட்டர். அடுத்த கம்பெனியில யாரு கேட்டாலும் நல்லபடியாச் சொல்வோம்."

"பண்ணலைன்னா?"

"ப்ராசஸ் படி நடக்கும். ஒரு மாசம்தான். லெட்டர்ல வேற மாதிரி வரும்."

எடுத்துப் படித்தேன். எந்த வற்புறுத்தலும் இல்லாமல், என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன் என்று இங்கிலீஷில் இருந்தது. அந்த வரி எனக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து நாளுக்கு முன்னால் எஸ்டேட் ஃபார்மில் இருந்த அதே வரியை, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "இதென்ன, நானாத்தானே போறேன், இதுல வற்புறுத்தல் எங்க வந்துச்சு?" என்று அம்மா கேட்டாள். "சும்மாம்மா, எல்லா ஃபார்ம்லயும் இருக்கிறது" என்றேன்.

மூன்று மாதம் பெரிய விஷயம்தான். பொய் சொல்ல மாட்டேன், கை பேனா வரைக்கும் போனது. ஆனால் இந்த மாதத்தில் இந்த வரிக்கு ஒரு கையெழுத்து ஏற்கெனவே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது வேண்டாம்.

"வேலையை விட்டு எடுக்கிறது நீங்க. நீங்களே எழுதுங்க. நானா எழுதித் தர மாட்டேன்."

"எமோஷனலா முடிவெடுக்காதீங்க. வெளிய போயி யோசிச்சுட்டு வாங்க."

"யோசிச்சாச்சு மேடம்."

போனை எடுத்தேன். வெளியே போய்ப் பேசியிருக்கலாம். ஏன் போக வேண்டும்? இவர்களும் கேட்கட்டும் என்று அங்கேயே நம்பரைப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். தொட்டிப் பக்கத்தில் நேரத்தோடு வந்து நின்றிருக்கிறாள்.

"வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரா?"

"இல்லம்மா. அந்த வீடு வேண்டாம். நீ இப்பவே ஆபீஸுக்குப் போ. பரமசிவன் சார்கிட்ட, எழுதிக் குடுத்ததைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு சொல்லு. நாலு மணிக்குள்ள சொல்லணும்."

"எதை?"

"நீ எழுதிக் குடுத்த காகிதத்தை."

மழை தொட்டியின் தகர மூடியில் அடிக்கிற சத்தம் கேட்டது.

"ஏன் புள்ள?"

"என் வேலை போகப் போகுதும்மா."

"காலையில அமெரிக்காவுலன்னியே."

"பொய் சொன்னேன்."

"பர்மனண்ட்டுன்னியேடி."

"எங்க ஆபீஸ்ல அப்படி ஒரு ஆளே கெடையாதும்மா. எனக்கு அது தெரியும். உனக்குச் சொல்லல."

மாலதி மேடம் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தகுமார் சார் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாலு வருசம்டி" என்றாள்.

"தெரியும்மா."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டு..."

"தெரியும்."

தெரிந்துதான் சொன்னேன். அவள் முட்டியை வைத்துத்தான் என் இடைவெளியைத் தாண்டப் போகிறேன். இதற்கு அழகான பேர் எதுவும் வேண்டாம். என்னைப் பெற்றவளை, டாக்டர் ஏறாதே என்று சொன்ன மலையில், படித்த மகள் நானே மறுபடியும் ஏற்றிவிடுகிறேன்.

"எழுதணுமே, யாரு எழுதுவா?" என்றாள். குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. காலையில் சங்குக்கு எழுந்த குரல்.

"பரமசிவன் சாரை எழுதச் சொல்லி நீ கையெழுத்துப் போடு. நானும் ரெண்டே கால் பஸ்ஸைப் புடிக்கிறேன். சரிவுல எறங்காத. ரோட்டுலயே சுத்திப் போ."

"படங்கை வெட்டிட்டனே."

"வேற வாங்கலாம்."

"கூடைய தபித்தாளுக்குக் குடுத்துட்டேன்."

"நான் கேட்டு வாங்குறேன்."

"குடுத்ததப் போயி எப்புடிடி திரும்பக் கேப்ப? அவ என்ன நெனப்பா?"

"கேப்பேன். நீ போ."

போனை வைத்தேன். அந்தக் காகிதத்தை மாலதி மேடம் பக்கமே தள்ளிவிட்டேன். எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் வைத்தேன்.

"இன்னும் ஷிஃப்ட் முடியல ஜீவிதா" என்றார் அவர். "இப்பப் போனா ஆஃப் டேதான் வரும்."

"அரைப் பேர் போட்டுக்குங்க மேடம்."

அவருக்குப் புரியவில்லை. வசந்தகுமார் சாருக்குப் புரிந்திருக்கலாம், அவரும் குன்னூர்தானே.

என் மேஜையில் குடையையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்தேன். ஜெஸிந்தா எழுந்து நின்று, "கேட்டுட்டியாடி?" என்றாள். கேட்டேன் என்றேன். "உன்கிட்ட மெயில் ஐ.டி. கேட்டா சொல்லாத. கொஞ்சம் இழு. இழுக்கிற வரைக்கும் இழு."

கதவு என் கார்டுக்கு இன்னும் திறந்தது. படியெல்லாம் ஈரம். குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கினேன், தபித்தாளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே.